மாமா கேட்ட சாம்பிள்

தாராவியில் என் தாய்மாமா பை தைத்து விற்கிறார். பக்கத்தில் சுனாபட்டியில் இருக்கும் நான் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் ஓசியில் ஒரு வேலை பார்க்கிறேன். வலைத்தளம் கட்டுகிறவர்கள் அடித்தளமாக எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல், ஃப்ரேம்வொர்க் என்பார்கள். அது யாருக்கும் சொந்தமில்லை, அதில் காசும் இல்லை. முகம் பார்த்திராத நாலைந்து பேர் சேர்ந்து பராமரிக்கிறோம். புதுப் பதிப்பு வெளியிடும் பொறுப்பு என் தலையில். வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

புதுப் பதிப்பை ஒரேயடியாக வெளியிட மாட்டோம். முதலில் பீட்டா என்று அரைவேக்காடாக ஒன்றை விடுவோம். யாராவது சோதித்துப் பாருங்கள், கோளாறு இருந்தால் சொல்லுங்கள், நிஜக் கடையின் தளத்தில் போட்டுவிடாதீர்கள் என்று அறிவிப்பும் எழுதுவேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முழுப் பதிப்பு வந்த மறுநாள் மட்டும் உலகமே எழுந்து வந்து ஏசும்.

மாமாவின் ஆர்டர் பக்கமும் எங்கள் ஃப்ரேம்வொர்க்கில்தான் ஓடுகிறது. குர்லாவில் ஒருவர் செய்து கொடுத்தது. இந்த வருஷம் மே மாதம் நான் ஒரு பீட்டா விட்டபோது, புதுசு ஒன்று வந்திருக்கிறது, ஆனால் இப்போதைக்கு சாம்பிள்தான் என்று அவர் பேச்சுவாக்கில் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். போயும் போயும் தாராவிக்காரரிடம் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? அங்கே சாம்பிள் என்றால், மொத்தமாக லாட் தைக்கும் முன்னால் கடைக்காரருக்குக் காட்டத் தைக்கும் பை. கைதேர்ந்த ஆள் உட்கார்ந்து தைப்பது. நல்ல ஜிப், நல்ல லைனிங், ரெட்டைத் தையல். பின்னால் வரும் லாட் அதன் கிட்டே நிற்காது. மாமா அடம்பிடித்து சாம்பிளையே போடவைத்துவிட்டார். மருமகள் செய்த சரக்கு என்று பெருமை வேறு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சான்பாடாவில் ஒரு ஸ்கூல் வருஷாவருஷம் மாமாவிடம்தான் பை எடுக்கும். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் பட்டறையே. இந்தத் தடவை வெப்சைட்டில் ஆர்டர் போடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மாமா காத்திருந்தார். வரவில்லை. கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அத்தை சொன்னதற்கு, நாமாகப் போய்ப் பல்லைக் காட்டினால் ரேட்டைக் குறைப்பான் என்று சொல்லிவிட்டாராம். ஸ்கூல் திறக்கும் சமயத்தில் அவர்களே கூப்பிட்டு, பை எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் எப்போதோ ஆர்டர் போட்டாயிற்று, திரையில் நன்றி என்றும் வந்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. இங்கே துணியைக்கூட வெட்டவில்லை. அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அத்தை போன் பண்ணி அழுதபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். குர்லாக்காரர் அதற்குள் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டிருந்தார். என் கணினியில் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தேன், சனியன், எல்லா ஆர்டரும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஃப்ரேம்வொர்க்கைக் கூடப் பராமரிக்கிறவர்களுக்கு எழுதினேன். ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். பெரிய ஆர்டராக இருந்தால் சேமிக்காமலே சேமித்துவிட்டேன் என்று சொல்கிறது எங்கள் பீட்டா. அவருக்கு ஒரே சந்தோஷம். அருமையான புகார், இதற்காகத்தானே பீட்டா விடுகிறோம், உங்கள் மாமாவுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். ஒரு மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதையெல்லாம் துணி போட்டு மூடியிருந்தார்கள். மாமா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாம்பிள்னா லாட்டை விட நல்லால்லா இருக்கணும்?"

எங்கள் தொழிலில் சாம்பிள்தான் மட்டம், அது இன்னும் முடியாத சாமான் என்றேன்.

"முடியாத சாமானை எதுக்குட்டி கடையில வச்சிய?"

"பாத்துச் சொல்லுறதுக்கு, மாமா."

"யாரு பாத்து?"

"யாராவது."

மாமா வந்த டீயை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"அந்த யாராவது நாந்தானா?"

டீயைக் குடித்துவிட்டு ரயிலேறினேன்.

வீட்டுக்கு வந்தால் கோளாறைச் சரிசெய்து அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது பீட்டாவை நான்தான் விட வேண்டும். விடாமல் நேரே முழுப் பதிப்பைக் கொடுத்தால் இன்னும் எத்தனை பட்டறை மூடுமோ, யார் கண்டது? அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது. வேறு என்ன போடலாம் என்று யோசித்து யோசித்து அழித்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. யாராவது சோதித்துப் பாருங்கள் என்றே எழுதி அனுப்பினேன்.