ஒரு பிள்ளைப் பள்ளிக்கூடம்

காலை ஒன்பது மணிக்கு எங்கள் குசினியில் சாப்பிடுகிற மேசை பள்ளிக்கூடமாகிவிடும். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா வீட்டுச் சட்டையை மாற்றி, சேலை உடுத்து, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு கையில் சோக்குப் பெட்டி, மறு கையில் இடாப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வரவைப் பதிகிற நீளக் கொப்பியைத்தான் நாங்கள் இடாப்பு என்போம். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. என்னுடைய பெயர்.

அம்மா அந்தப் பெயரை உரத்துக் கூப்பிடுவார். நான் எழுந்து நின்று "பிரசென்ட் ரீச்சர்" என்பேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளை வந்திருக்கிறதா இல்லையா என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. ஆனாலும் கூப்பிடாமல் ஒரு நாள்கூட அவர் அடையாளம் போட்டதில்லை. பிற்பகல் மூன்று மணிவரை அவரை அம்மா என்று கூப்பிட்டால் காது கேட்காது. ஒருமுறை பூச்சி கடித்து "அம்மா" என்று கத்தினேன். "ரீச்சர்" என்று திருத்திவிட்டுத்தான் மருந்து பூசினார்.

இது எழுபதுகளின் நடுவில், சிட்னியின் மேற்கே, வென்ட்வேர்த்வில் ஸ்டேசனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. அப்போது அந்தப் பக்கம் தமிழ்க் கடை ஏது? கறித்தூள் யாழ்ப்பாணத்திலிருந்து பார்சலில் வரவேண்டும், அல்லது வராமல் இருக்கவேண்டும்.

எனக்கு எட்டு வயது. வந்த புதிதில் என்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் விட்டார்கள். முதல் நாள் ஆசிரியை ஏதோ கேட்டார். ஊரில் பழகியபடி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியையும் கொஞ்சம் சிரித்தார். அன்றைக்கே நான் ஒரு முடிவு எடுத்தேன்: இனி இந்தக் கட்டடத்துக்குள் வாய் திறப்பதில்லை. எட்டு வயதில் எடுக்கிற முடிவுகளைப்போல உறுதியானவை பிறகு வாழ்க்கையில் எனக்கு வாய்க்கவில்லை. மூன்று மாதத் தவணை ஒன்று முழுவதும் ஒரு சொல் பேசவில்லை.

தவணை முடிவில் கடிதம் வந்தது. பிள்ளைக்குப் பேச்சிலோ மூளையிலோ குறை இருக்கலாம், வேறொரு விசேட பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாம் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா நகரில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தார். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா அதை வாங்கி ஒரு தரம் வாசித்துவிட்டு, "இவளுக்கு நான் படிப்பிக்கிறன்" என்றார்.

அம்மா அப்படிச் சொன்னதில் அதிசயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பத்து வருடம் கணிதம் படிப்பித்தவர். ஆனால் அந்தப் பத்து வருடமும் பயிற்சிச் சான்றிதழும் இங்கே செல்லாது, முதலிலிருந்து படித்துவிட்டு வா என்று அவருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. அதை அவர் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். எனக்கு அது ஒரு கடிதம், அவ்வளவுதான். உறையில் ஒட்டியிருந்த முத்திரையைக் கிழித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், விடவில்லை.

வீட்டில் படிப்பிப்பதென்றால் சும்மா மறித்து வைத்திருக்க முடியாது. அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஒரு தவணைக்கு அனுமதி தருவார்கள். தவணை முடிவில் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, படிப்பு ஒழுங்காக நடக்கிறதா, பிள்ளை வீட்டில் இருக்கக் காரணம் உண்டா என்று பார்ப்பார். அவர் சரியென்று எழுதினால்தான் வருடம் முழுவதும் தொடரலாம். விண்ணப்பத்தில் 'படிப்பிப்பவர் யார்' என்று ஒரு கேள்வி. தாய் என்று எழுதினால் போதும் என்றார் அப்பா. அம்மா 'பயிற்றப்பட்ட கணித ஆசிரியை, பத்து வருட அனுபவம்' என்று எழுதினார். பெட்டிக்குள் இடம் போதாமல் எழுத்து வெளியே ஓரத்தில் ஏறி இறங்கியது.

அந்தத் தவணை எனக்கு நன்றாகவே போயிற்று. கோதுமை மாவில் பின்னம் படித்தேன். ரயில் நேர அட்டவணையில் கழித்தல் படித்தேன். பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றுவரை ஆங்கிலப் பேச்சு. அந்த ஒரு மணி நேரம் தமிழ் வாயில் வரக்கூடாது. அம்மா கடைக்காரராகவும் தபால்காரராகவும் அந்தப் பழைய ஆசிரியையாகவும் மாறி மாறி நடிப்பார், நான் பதில் சொல்லவேண்டும். ஒரு நாளும் தவறாமல் வந்தால் தவணை முடிவில் பவுண்டன் பேனை பரிசு என்றும் சொல்லியிருந்தார். படுக்கையறைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு பிள்ளை தவறிப்போக வழியில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பரிசுக்காகத் தடிமன் காய்ச்சலோடுகூட எழுந்து வந்து "பிரசென்ட் ரீச்சர்" சொன்னேன்.

அதிகாரி வருகிற நாள் நெருங்க, வீடு இரண்டு பட்டது. அப்பா அதற்கு முதல் நாள் மாலை சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகச் சொன்னார்: "இஞ்சேரும், அந்த மனுசன் வரேக்க பிள்ளை பேசாமல் இருந்தால் நல்லதெல்லே. எழுதிக் காட்டட்டும். வாய் திறந்து கதைச்சால், பிறகேன் வீட்டிலை வைச்சிருக்கிறியள் எண்டு கேட்பான்."

அம்மா என் சோற்றுக் கோப்பையில் கறி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டால் பதில் சொல்லவேணும். வடிவாச் சொல்லவேணும்."

"அப்ப உம்மடை பள்ளிக்கூடம்?" என்றார் அப்பா.

அம்மா எனக்கு மோர்மிளகாய் வேண்டுமா என்று கேட்டார்.

ஊரில் பாடசாலைக்கு இன்ஸ்பெக்டர் வருவதென்றால் அது ஒரு திருவிழா. அவர் வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வருவாராம். வகுப்பைப் பார்ப்பாராம். பிறகு பலகாரம் சாப்பிடுவாராம். போகுமுன் பாடசாலையின் லொக் புத்தகத்தில் தன் அபிப்பிராயத்தை எழுதிக் கையெழுத்து வைப்பாராம். ஓர் இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பற்றி 'இவர் தெளிவாகக் கற்பிக்கிறார், பிள்ளைகள் பயமின்றிக் கேட்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். அந்த வரி அம்மாவுக்கு மனப்பாடம். அதைச் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். எங்கள் குசினிப் பள்ளிக்கூடத்துக்கும் அவர் கெட்டி மட்டை போட்ட ஒரு கொப்பி வாங்கி, கோடு கீறி, முதற்பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தார். இரண்டு நாளாகப் பயற்றம்பணியாரம் சுட்டார்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். அரைக்காற்சட்டை, முழங்கால்வரை இழுத்த வெள்ளைக் காலுறை, அரைக்கைச் சட்டை, கையில் கடதாசி கவ்விய ஒரு பலகைத் தட்டு. கதவைத் திறந்த அம்மா அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் என்று நினைத்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகச்சொல்லிக் கையைக் காட்டினார். அந்த மனிதர் நல்ல மரியாதைக்காரர். காட்டிய இடத்துக்குப் போய், மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, தான் கல்வித் திணைக்களத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அம்மாவின் முகம் கறுத்துச் சிவந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பாடம் நடந்தது. அம்மா இடாப்புக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். அதிகாரி சிரிக்கவில்லை. கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, அம்மா சுவரில் சாய்த்திருந்த கரும்பலகையில் செய்த கணக்கைப் பார்த்தார், என் கொப்பிகளைப் புரட்டினார். பிறகு என்னோடு தனியாகக் கதைக்கலாமா என்று கேட்டார். அம்மா தலையாட்டினார்.

நாங்கள் வீட்டின் பின்வளவுக்குப் போனோம். அங்கே துணி காயப்போடுகிற கம்பி நின்றது. நடுவில் ஒரு தூண், அதன் உச்சியில் நான்கு கைகள், தள்ளினால் சுற்றும். அதிகாரி புல்லில் கால்களை மடித்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். பெரிய மனிதர் ஒருவர் என்னைவிடத் தாழப் பதிவாக உட்கார்ந்ததை நான் அதுவரை கண்டதில்லை. கம்பியை அண்ணாந்து பார்த்து, ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையில் நூறு பாகை இருக்கும், இல்லையா என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் கணித ஆசிரியையின் மகள் எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? தொண்ணூறு என்றேன். அவர் நம்பாதவர்போலப் பார்த்தார். நூறென்றால் நான்கு கைக்கும் நானூறு வரும், ஒரு வட்டத்தில் முந்நூற்றறுபதுதான் உண்டு, மிச்ச நாற்பதில் யார் சட்டையைக் காயப்போடுவது என்று கேட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு அணை உடைந்துவிட்டது. தபால்காரரைத் துரத்துகிற பறவையைப் பற்றிச் சொன்னேன், அடுத்த வீட்டு நாயைப் பற்றிச் சொன்னேன், எழுந்து நின்றதற்குச் சிரித்த வகுப்பைப் பற்றியும் சொன்னேன். அந்த ஆசிரியை உன்னை எழுந்து நிற்க விட்டால், யாரும் சிரிக்காவிட்டால், திரும்பிப் போவாயா என்று அதிகாரி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. ஓம், போவேன் என்றேன். அங்கே ஏறித் தொங்க இரும்புக் கம்பிகள் இருக்கின்றன, இங்கே ஒளித்துப் பிடித்து விளையாட ஆள் இல்லை என்று காரணமும் சொன்னேன். குசினி யன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். அவரும் காட்டினார்.

உள்ளே வந்து அதிகாரி மூன்று பணியாரம் சாப்பிட்டார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகவே பேசுகிறாள், அதனால் வீட்டில் வைத்திருக்கத் தன்னால் சான்று தர முடியாது என்றார். தானே பள்ளிக்கூடத்தோடு கதைப்பதாகவும், திங்கட்கிழமை போகலாம் என்றும் சொன்னார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் மிக நல்ல தாய் என்றார். அப்போது நேரம் பதினொன்றரை. மூன்று மணியாகவில்லை. அம்மா ஏன் திருத்தவில்லை என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கெட்டி மட்டைக் கொப்பியைத் திறந்து, பவுண்டன் பேனையின் மூடியைக் கழற்றி அவர்முன் வைத்து, அபிப்பிராயம் எழுதும்படி கேட்டார். வீட்டுக்கு வருகிற விருந்தினர் எழுதுகிற புத்தகம் என்று அந்த மனிதர் நினைத்திருக்கவேண்டும். சந்தோசமாக எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் போனபின் அம்மா வாசித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'கேக் மிக அருமை. அன்பான உபசரிப்புக்கு நன்றி' என்று இருந்தது. அம்மா அதை வாசிக்க நெடுநேரம் எடுத்தார். அம்மாவுக்கு அவருடைய கையெழுத்து விளங்கவில்லை என்று நினைத்து, நான் உரத்து வாசித்துக் காட்டினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். எழுந்து நின்று பதில் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. கம்பியில் தொங்கி உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. மூன்றரைக்கு ஓடி வந்தால், அம்மா சேலையோடு குசினி மேசையில் இருந்தார். இடாப்பு திறந்திருந்தது. என் பெயருக்கு நேரே, அன்றைய கட்டத்தில், சிவப்பு மையில் ஒரு சுழி. வராதவர்களுக்குப் போடுகிற சுழி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் பள்ளிக்கூடம் போனனான். பிறகேன் அப்சென்ட் போட்டனீங்கள்?" என்று சண்டை பிடித்தேன். என் பேனை என்னாவது?

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீ வரேல்லைத்தானே, பிள்ளை" என்றார் அம்மா.

நான் விடவில்லை. காலைத் தரையில் அடித்தேன். அம்மா அப்பாவின் பழைய சவர பிளேட் ஒன்றை எடுத்து அந்தச் சுழியை மெல்லச் சுரண்டினார். அதற்கு முந்திய நாளோடு ஒரு கோடு கீறி, கீழே கூட்டல் போட்டார். பாடசாலை நடந்த நாட்கள் அறுபத்து மூன்று. பிள்ளை வந்த நாட்கள் அறுபத்து மூன்று. கையெழுத்து வைத்துவிட்டு, வைத்த பேனையின் மையைத் துடைத்து என்னிடம் தந்தார்.

"நாளைக்கும் இடாப்புப் போடுவீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நாளைக்கு லீவு."

"எத்தனை நாள்?"

அம்மா இடாப்பை மூடிக்கொண்டு அரிசி கழுவப் போய்விட்டார். எனக்குச் சரியான கோபம். நான் காய்ச்சலோடு வந்தபோதுகூட ஒரு நாள் லீவு விடாத ரீச்சர், நான் இல்லாத நேரம் பார்த்து இப்படி எண்ணிக்கையில்லாமல் லீவு விடுகிறாரே என்று, அன்றைக்கு மூன்று மணி தாண்டியும், படுக்கப் போகும்வரை அவரை அம்மா என்று நான் கூப்பிடவில்லை.