மெழுகு வைத்த கட்டைகள்

பல் துலக்கும்போதே அவர் கொல்லைக்குப் போய்விடுவார். வாயில் பிரஷ் இருக்கும். வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்காது. காளான் வளர்க்க மாமரக் கட்டைகளில் போட்ட ஒவ்வொரு துளையின் மேலும் இருக்கும் மெழுகை அழுத்தாமல் ஒரு தடவு தடவிப் பார்க்கும். கட்டைக்கு நாற்பது துளை, மொத்தம் நான்கு கட்டை. முடிவதற்குள் நுரை தாடையில் வழிந்து காய்ந்துவிடும்.

"ஊருக்கெல்லாம் பல்லு செய்றவரு, தன் பல்லைக் கழுவ ஒரு மணி நேரம் எடுக்கறாரு" என்பாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

தெருவில் அவர் பெயர் பல்லுக்காரர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குச் செயற்கைப் பல் கட்டித் தருபவர். முகமே பார்த்திராத நூற்றுக்கணக்கானவர்களின் வாய் அவருக்கு அத்துப்படி. காளான் வித்தைத் துளைகளில் திணித்ததும் மேலே மெழுகு வைத்து அடைக்க வேண்டும் என்றார்கள் வித்து விற்றவர்கள். பட்டறையில் ஈறு செய்ய இருந்த இளஞ்சிவப்பு மெழுகையே உருக்கி ஊற்றினார். "கட்டையெல்லாம் ஈறு தெரிய இளிக்குதுப்பா" என்று மகள் சிரித்தாள்.

மனிதர் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ரகம். அதனால் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்: மெழுகு வைத்த கட்டையில் முளைப்பதைச் சாப்பிடலாம், மற்ற இடத்தில் முளைப்பதை விரலால்கூடத் தொடக்கூடாது. இரண்டு வருஷம் அந்தச் சட்டம் ஒழுங்காகவே நடந்தது.

மகள் மாடியில் புருஷனோடு இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போது மூன்றாம் மாதம். அன்று மதியம் அவர் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தபோது, மூன்றாவது கட்டை மொட்டையாக இருந்தது.

"நான்தாம்பா பறிச்சேன். பத்து மணிக்குப் பசி தாங்கல. முட்டையோட வதக்கிச் சாப்பிட்டேன்."

"நல்லா சாப்பிடும்மா" என்றபடி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டையின் அடிமுனையில் பட்டை பிளந்திருந்தது. அந்தப் பிளவில் பழுப்பாக, மெல்லிய காம்போடு குட்டிக் காளான் ஒன்று. காம்பில் மோதிரம் மாட்டியதுபோல ஒரு வளையம். அவர் போட்ட சிப்பிக் காளான் வெள்ளை. அதற்கு வளையம் கிடையாது. பழுப்புக் குட்டிக்குப் பக்கத்தில் அதே மெல்லிய காம்புகள் இரண்டு, கத்தியால் அறுத்த தடத்தோடு நின்றன.

"இந்த முனையில இருந்ததையும் பறிச்சியா?"

"எல்லாத்தையும்தான் பறிச்சேன். மெழுகு இருக்கற கட்டைதானே? நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், அவர்தான் சொன்னார். கட்டைக்குத்தான் சட்டம் போட்டாரே தவிர, காளானைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை.

மிச்சமிருந்த அந்த ஒன்றைக் கிள்ளிப் பட்டறைக்கு எடுத்துப் போனார். குடையை மட்டும் நறுக்கி, வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே கண்ணாடித் தம்ளரை மூடினார். சில மணி நேரத்தில் குடையிலிருந்து தூள் உதிரும். துருவின் நிறத்தில் உதிர்ந்தால் ஆகாது என்று எப்போதோ படித்திருந்தார். ஃபோனில் மறுபடி தேடினார். ஆறு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி. அப்புறம் எல்லாம் சரியானதுபோல இருக்கும். அந்த நேரத்தில்தான் ஈரல் போய்க்கொண்டிருக்கும். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மகளிடம் சொல்லிவிடலாமா? வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம், ஒரு சந்தேகத்தை? மூன்று முறை மாடிக்கு ஏறினார்.

"என்னப்பா இன்னைக்கு மாடிக்கும் கீழுக்கும் நடை?"

"தண்ணித் தொட்டி பார்க்க வந்தேன்."

"அதை காலையில பார்த்தீங்களே."

நான்கு மணிக்கு அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். குளியலறை வாசலில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "தினம் வர்றதுதாம்பா. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

தினம் வருவதுதான். இது மசக்கை வாந்தியா, இல்லை காளான் வாந்தியா? யாரைக் கேட்பது?

இறங்கிப் போய்த் தம்ளரைத் தூக்கினார். குடையை நகர்த்தினார். காகிதத்தில் லேசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், துருவின் நிறத்தில் ஒரு வட்டம்.

அதன்பிறகு அவர் யோசிக்கவில்லை. மனைவியிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். "நீங்க வச்ச கட்டை" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டாள். மகளை அழைத்துக்கொண்டு வண்டி பிடித்தார்கள். காகிதத்தையும் காளானையும் பல்செட் வைக்கும் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னார்.

"சமைச்சதுல மிச்சம் இருக்கா?"

"இல்லை" என்றார் பல்லுக்காரர்.

"வீட்டுல வேற யாராவது சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர். இவ மட்டும்தான்."

மூன்று நாள், காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறை சீட்டு வரும்போதும் ஈரலின் எண்ணைப் படிக்கச் சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மருமகன்தான் படிப்பார். "ஏறல மாமா." மறுபடி, "ஏறல." இரண்டாம் நாள் மகள் தெளிவாக எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகிவிட்டதுபோல இருக்கும் என்று படித்த வரி நினைவுக்கு வர, அவர் மட்டும் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மாலை ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் துடிப்பு சீராக இருந்தது. ஈரலும் தப்பியது. அறுத்த பழுப்புக் காளான்கள் வதக்கலில் சேர்ந்தனவா, நறுக்கும்போதே எங்காவது விழுந்தனவா என்று மகளுக்கு நினைவில்லை. அந்தப் பழுப்பு விஷமேதான் என்று மட்டும் பிற்பாடு விவசாயக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது.

பேரனுக்கு ஒரு வயதானபின் அவர் மனைவிக்கே இன்னொன்று தெரிந்தது. அன்று மதியம் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு அவர் சமையலறைக்குப் போயிருக்கிறார். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த இரண்டு வாய் வதக்கலை வழித்துத் தின்றிருக்கிறார். தனக்கும் வாந்தி வந்தால் காளான், மகளுக்கு மட்டும் வந்தால் மசக்கை என்று கணக்கு. டாக்டரிடம் சொல்லியிருந்தால் தன்னையும் ஒரு கட்டிலில் போட்டிருப்பார்கள். மகள் பக்கத்தில் தான் உட்கார முடியாது என்று சொல்லவில்லையாம். அந்த மூன்று நாளும் அவருடைய ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.