பாறையில் மாமா செய்த வேலை

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் 'ஏப்ரிகேட்' என்ற சொல் தெரியும். மாமா கொடுத்தது.

அம்மாவின் தம்பியான அவர், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கினார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் லயத்துக்குப் பின்னாலுள்ள பாறைக்குப் போய்விடுவார். தை மாதக் குளிரில் வெயில் முதலில் அங்கேதான் விழும். "சும்மா இல்லடா, ஏப்ரிகேட் பண்றேன்" என்பார்.

சோம்பேறி என்று பெயர் பரவியே அவருக்கு இரண்டு இடம் தட்டிப்போனதாக அம்மாவுக்கு வருத்தம். மூன்றாவதாக, நுவரெலியாப் பக்கத்திலிருந்து பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர், எட்டு மணிக்கே வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளை எங்கங்க?"

"அவன்... ஒரு வேலையா..." என்று அம்மா இழுத்தார்.

விருந்தாளி முன் வாயே திறக்காத நான் அன்று திறந்தேன். "மாமா பாறையில ஏப்ரிகேட் பண்றாரு!"

"அது என்னா வேலை தம்பி? வாங்க, பாப்போம்." கதிரையில் உட்காராமலே கிளம்பிவிட்டார். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

எங்களைக் கண்டதும் மாமா பதறி எழுந்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வெயில் காயிறதுதாங்க ஐயா. வெயில் விழுற இடத்துக்கு லத்தீன்ல ஒரு சொல்லு இருந்திச்சாம். அதுலருந்து வெள்ளக்காரன் இந்த ஏப்ரிகேட்டுங்கிற சொல்லச் செஞ்சிருக்கான். அவன் ஊர்ல வெயிலே அபூர்வம் பாருங்க. ஆனா பேசுறவங்க கொறவு. அகராதியிலயே கெடக்குது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்ணின் அப்பா வானத்தைப் பார்த்தார். "எங்க தோட்டத்துல மத்தியானம் வரைக்கும் பனிதான். இந்த வேலைக்கு இன்னொரு ஆள் எடுப்பீங்களா?"

மாமா சிரித்துக்கொண்டே நகர்ந்தார். இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கொண்டுபோன தேநீர் ஆறியது. எழும்போது அவர் அம்மாவிடம், "கல்யாணத்த அடுத்த மாசமே வச்சிக்குவோம்" என்றார்.

லத்தீன்தான் அத்தையைக் கொண்டுவந்தது என்று பல வருடம் நம்பியிருந்தேன். அன்று மாமா வெயில் விழுந்த இடத்தைப் பெண்ணின் அப்பாவுக்கு விட்டுவிட்டு, நிழலில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். பெண்ணின் அப்பாவும் அதைத்தான் கவனித்தார் என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியவில்லை.