சொல்லித் தராத கிளிப்

அந்த மருத்துவமனையில் முட்டி ஆபரேஷன் என்றால் தசைநாண் மேசை பெரிய சிஸ்டருடையதாக இருந்தது. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்க, நோயாளியின் தொடையிலிருந்தே டாக்டர் ஒரு தசைநாணை உருவிக் கொடுப்பார். அதைச் சுத்தம் செய்து, மடித்து, நுனிகளில் நூல் கோத்து, ஈரத் துணியால் மூடிக் காப்பது பெரிய சிஸ்டரின் வேலை. அவர் கையிலிருந்து ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை.

பிறகு புது நர்ஸாகச் சிட்டு வந்தாள். துருதுருவென்ற சின்னப் பெண். "இவ போடுற தையல் மெஷின் தையல் மாதிரி இருக்கே!" என்றார் டாக்டர். அவ்வளவுதான், மேசை கைமாறியது. பெரிய சிஸ்டர் ஓரமாக நின்று பாக்கெட் பிரித்துக் கொடுக்கும் ஆளானார்.

வீட்டுக்குப் போனாலும் பெரிய சிஸ்டருக்கு அதே புலம்பல். "எப்பப் பாரு சிட்டு, சிட்டு! அவளுக்கும் ஒரு தட்டு வச்சிடு, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார் கணவர்.

சிட்டுவுக்குப் பெரிய சிஸ்டர் எல்லாம் சொல்லித் தந்தார், ஒன்றைத் தவிர. நூல் நுனிகளை மேசை விரிப்போடு சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிடுவது அவர் வழக்கம். 'அது சட்டமா என்ன? என் பழக்கம்தானே' என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவர் ஒரு பெயிண்டர். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்தது, முழித்துத்தான் இருந்தார். மேசையில் தொங்கிய நூல் சிட்டுவின் கை உறையில் மாட்டியது. அவள் திரும்பினாள். தசைநாண் சொத்தென்று தரையில் விழுந்தது.

பெரிய சிஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு நொடிதான்.

"டாக்டர், தசைநாண் கீழ விழுந்துடுச்சு. என் கைதான் இழுத்துச்சு" என்றாள் சிட்டு, சத்தமாக.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெயிண்டர் கேட்டார். "என்னம்மா விழுந்துச்சு? என்னுதா?"

"உங்களுதுதான் அண்ணே" என்றாள் சிட்டு.

"இருபது வருஷமா ஏணியில நிக்கிறேன், நான் விழுந்ததில்ல!"

டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். "கிருமி மருந்துல ஊறவச்சு நல்லா அலசி வைக்கலாம். இல்லன்னா இன்னொரு கால்ல இருந்து எடுக்கணும்."

"அந்தக் கால விட்டுடுங்க சார். அலசுங்க."

பெரிய சிஸ்டர் கை கழுவிக் கையுறை மாட்டி வந்தார். கிருமி சோதனைக்குத் தசைநாணில் ஒரு சின்னத் துண்டு போனது. மீதியைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமி மருந்தில் ஊறவைத்து, சலைனை மாற்றி மாற்றி அலசினார்கள்.

"உங்க கையில ஒண்ணுகூட விழலையே சிஸ்டர், எப்படி?" என்றார் டாக்டர்.

எத்தனை நாள் ஏங்கிய பாராட்டு! அது இப்படியா வந்து சேர வேண்டும்? அவர் ஒரு கிளிப்பை எடுத்து, நூல் நுனிகளை விரிப்போடு சேர்த்துக் கவ்வ வைத்தார். "இப்படித்தான்."

"இத நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே அக்கா" என்றாள் சிட்டு. குத்தலே இல்லாமல் கேட்டாள். அதுதான் குத்தியது.

"சொல்லல" என்றார் பெரிய சிஸ்டர். டாக்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மேசை சிட்டுவிடமே இருந்தது.

சோதனையில் கிருமி வளரவில்லை. புண் ஆறிக் காட்ட வந்த பெயிண்டர், "உண்மையப் பட்டுன்னு சொன்ன அந்தப் பொண்ணு எங்க?" என்று பெரிய சிஸ்டரிடமே கேட்டார். வயிறு எரிய, அவர் கை நீட்டிக் காட்டினார்.

அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முட்டி ஆபரேஷனிலும் ஓரத்திலிருந்து அவர் குரல் வரும்.

"கிளிப் போட்டியா?"

"போட்டாச்சுக்கா."

"காட்டு."