படகுக்கு முன்னே கிளம்பிய மூட்டை

கடையை மகன் கையில் கொடுத்த பிறகு என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. மேல்மாடியில் இருக்கும், அண்ணன் முறையில் நாங்கள் தாதா என்று கூப்பிடும் வங்காளியோடு சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். உலுபேரியாவைத் தாண்டி, ஆற்றங்கரையில் மேடேற்றி நிறுத்தியிருந்தார்கள். செப்பனிட்டு, கங்கை கடலில் சேரும் இடம் வரை போய்வருவது என்று பேச்சு.

நான் பிறந்ததே காளிகாட் பக்கம். இத்தனை வயதுக்கும் இந்த ஆற்றை ஒட்டியே வாழ்ந்தவள், அது முடியும் இடத்தைப் பார்த்ததில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

"அந்த முட்டி வலிய வச்சிக்கிட்டா? படகு ஆடும். நாங்க ரெண்டு பேரு போதும்," என்றார் வீட்டுக்காரர்.

நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்பது என் வழக்கமில்லை.

ஆனால் வேலைக்கு நான் வேண்டுமே. சாந்த்ராகாச்சி வழியாகப் போகிற லோக்கல் ரயிலில் அவர்களோடு போனேன். அவர்கள் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடைத்துத் தார் பூச, நான் கிழிந்த பாய்த்துணியைத் தைத்தேன். கோணி ஊசியும் மெழுகு தடவின நூலும் எனக்குப் புதிதில்லை. கடைக்கு வந்த மூட்டைகளை எல்லாம் தைத்த கை இது. தாதா தைத்த இடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். என்னை அவர் பௌதி, அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"பௌதி, பாய் போனாலும் இந்தத் தையல் போகாது."

என் வீட்டுக்காரர் காதில் விழாதது போலத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

தார் காயும்வரை அவர்கள் கரையிலேயே கிடந்தார்கள். நான் உள்ளே நடந்தேன். கரைமேட்டை இறங்கினால் வெற்றிலைக் கொடிக்கால்கள். சணல்குச்சியால் சுவர், அதே குச்சியால் கூரை. உள்ளே எட்டிப் பார்த்தால் மழைநாள் போல இருட்டு, பச்சை வாசனை. அதற்கப்பால் குளம், குளத்தோரம் ஒரு வீடு. அங்கே ஒருத்தி சூடான மணலில் பொரி பொரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"கல்கத்தா."

"பேச்சு அப்படித் தெரியலையே."

"கல்கத்தாவுல இப்படியும் பேசுவாங்க."

சிரித்தாள். தேங்காய்க் கீற்றும் பச்சைமிளகாயும் வைத்துப் பொரி கொடுத்தாள். அதன் பிறகு போகும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் உட்காருவேன்.

கிளம்பும் நாள் சனிக்கிழமை என்று முடிவானது. தண்ணீர் வடியும் நேரத்தில்தான் படகு எடுக்க வேண்டும். நாட்காட்டியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த நேரம்தான் சரியாக ராகு காலம். ராகு காலத்தில் கடையில் ஒரு மூட்டையைக்கூடப் பிரிக்காத மனிதர் என் வீட்டுக்காரர். முகம் தொங்கிவிட்டது.

"ஆத்துக்கு ஒங்க காலண்டர் தெரியாதே," என்றார் தாதா.

"பரஸ்தானம் வச்சிட்டாப் போச்சு," என்றேன் நான்.

தாதாவுக்கு விளக்கினேன். நல்ல நேரம் முன்னாடியே வந்துவிட்டால், பயணம் போகிறவர்களின் சாமானை அந்த நேரத்தில் எடுத்துப்போய் வழியில் இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்திலும் போகலாம்.

"ராகுவ ஏமாத்துறீங்க."

"இதுல என்ன ஏமாத்து? நாமதான் முன்னாடியே கெளம்பிட்டமே."

புதன்கிழமை நல்ல நேரத்தில் மூட்டை கட்டி, நானே கொண்டுபோய்ப் பொரிக்காரி வீட்டில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை அதை எடுக்க மூவரும் போனோம். தூக்கிப் பார்த்த என் வீட்டுக்காரர், "என்ன இந்தக் கனம் கனக்குது?" என்று அங்கேயே முடிச்சை அவிழ்த்தார். மேலே அவருடைய வேட்டி, தாதாவின் லுங்கி. அடியில் என் நூல் புடவைகள் இரண்டு.

"இது எதுக்கு?"

"நானும் புதன்கிழமையே கெளம்பிட்டேன். பரஸ்தானம் வச்ச சாமானப் பயணம் போகாம வீட்டுக்குத் திருப்பக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க."

அவர் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொரிக்காரிக்கு விஷயம் புரியாவிட்டாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சண்டைய படகுல போட்டுக்கலாம். தண்ணி எறங்குது," என்றார் தாதா.

என் வீட்டுக்காரர் மறுபடியும் முடிச்சுப் போட்டார்.

"முட்டித் தைலம்?"

"வேட்டிக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்."

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் அவசரப்படவில்லை. கையில் சூடான பொரிப் பொட்டலத்தோடு கொடிக்கால் ஓரமாக மெதுவாகவே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது, சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு கோணியை மடித்துப் போட்டு, எனக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.