வேப்பிலைக்கு வெளியே ஒரு பெஞ்சு

பிள்ளைகளுக்கு நகம் வெட்டுவதற்கு முன்னும் கமலாட்சி, "வெட்டட்டுமாடி?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால், சம்மதம் வரும்வரை கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரத்தோட்டைச் சிறுமியர் இல்லத்தில் பதினேழு பிள்ளைகள். ஞாயிறு காலை தொடங்கினால் முடிய மாலை நாலரை ஆகும்.

கமலாட்சி என் தங்கை, அங்கே மேட்ரன்.

எண்பத்தொன்பதில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னமுத்து என்கிற தட்டம்மை கண்டது. மற்றவர்களுக்கு வியாழக்கிழமை ஊசி. பதினான்கு பேருக்கு வீட்டாரின் சம்மதக் கையெழுத்து வந்துவிட்டது. ஆறு வயதுத் தவமணிக்கு மட்டும் வரவில்லை, அவளுக்கோ மூச்சிழுப்பு. சின்னமுத்து வந்தால் தாங்கமாட்டாள் என்றார் டாக்டர். தாயில்லாத பிள்ளை, எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருக்கும் தகப்பன் செல்லச்சாமி, ஊசியே கூடாது என்றார்.

நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்றாள் ஊசி போட வரும் மருத்துவமாது.

"கோர்ட்டு சோறு போட்டு வளக்கத்தான் குடுத்துச்சு. புள்ள இன்னும் அவரு புள்ளதான்" என்றாள் கமலாட்சி.

இரண்டு முறை எல்கடுவைக்கு ஏறினாள். இரண்டாம் முறை மூன்று கோப்பைத் தேநீர் குடித்து, ஊசியைத் தவிர மற்றதெல்லாம் பேசி, கடைசியில் சம்மதம் வாங்கிவிட்டாள்.

புதன் காலை, தேய்த்த சட்டையோடு கையெழுத்துப் போட வந்த செல்லச்சாமி வாசல் கேற்றடியில் நின்றுவிட்டார். நோய் கண்ட பிள்ளைகளுக்காக, அங்கே வேப்பிலை கட்டியிருந்தவள் என் தங்கையேதான்.

"ஆத்தா உள்ளுக்கு வந்து ஒக்காந்திருக்கா. ஊசியக் காட்டுனா சும்மா விடுவாளா மிஸ்?"

கமலாட்சியும் அப்படி நம்புகிறவள்தான்.

அவர் கையெழுத்துப் போடாமலே திரும்பியதும், டாக்டர் சொன்னதை எண்ணி, அந்தக் கலவர நாட்களின் ஊரடங்குக்கு முன் மாத்தளை நீதிமன்றத்துக்கு ஓடினாள். நீதவான் ஊசிக்கு உத்தரவு கொடுத்தார். தகப்பனின் மறுப்பையும் முழுதாக எழுதவேண்டும் என்று இவள் அடம்பிடிக்க, ஆத்தா உள்ளே உட்கார்ந்திருப்பதைச் சிங்களத்தில் சொல்வதற்குள் மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துவிட்டதாம்.

வியாழனன்று வேப்பிலையைத் தாண்டி, கேற்றுக்கு வெளியே, ரோட்டோரம் பெஞ்சைப் போட்டாள். சொல்லியனுப்பியதால் செல்லச்சாமியும் வந்தார்.

"நான் சம்மதிக்கல."

"அதையும் எழுதியிருக்கு, செல்லச்சாமிண்ணே" என்று, உத்தரவைத் தமிழில் வரி வரியாகச் சொன்னாள். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"நான் சொன்னது சரியாத்தான் இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊசி இறங்கியதும் தவமணி, "அப்பா" என்று அலறினாள். கமலாட்சி மருத்துவமாதிடமிருந்து பஞ்சை வாங்கி, செல்லச்சாமியின் விரலைப் பிடித்து, மகளின் கையில் அந்தப் பஞ்சை அழுத்திப் பிடிக்க வைத்தாள்.