செல்வி அக்காவின் பூசணி ரொட்டியும் என் ஒரே வெட்டும்

பெருமதிப்பிற்குரிய தெருவாசிகளுக்கும், செல்வி அக்காவிடம் கை நீட்டி ரத்தம் கொடுத்த சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் தெருவில் பதினேழு வயது ஆண்மகன் ஒருவன் வேலையிழந்து நிற்கிறான். பார்த்த வேலை, பூசணிக்காய் பிளப்பது. அனுபவம் ஐந்து ஆண்டு. வேலை நேரம், ஞாயிறு காலை பதினோரு மணி. சம்பளம் ஒரு துண்டு ரொட்டி, ஓரத்துத் துண்டு என்றால் இரண்டு. வேலையை விட்டுப் போனது நான் இல்லை. முதலாளிதான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

புதன்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் கூட்டாளி முத்துப்பாண்டி போன் செய்தான்.

"மாப்ள, செல்வி அக்கா போயிருச்சுடா."

"எங்க, பரவை மார்க்கெட்டுக்கா? நல்ல காயா பாத்து வாங்கச் சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. "லேப்லயே மயங்கி விழுந்துருச்சாம்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றான்.

முத்துப்பாண்டியை நான் ஏமாற்றியதற்குக் கணக்கே இல்லை. அதனால் "ஏமாந்தியா" என்று அவன் சொல்லப்போகிறான் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்தது, போனது. அவன் சொல்லவே இல்லை.

அக்காவை லேபில் ரத்தம் எடுக்கிற அக்காவாக மட்டும் அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்த ஊர் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம். ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்குத் தனியாளாகக் குடிவந்தார். வயது நாற்பத்தொன்று. அவர் வயிறு ஒரு தனி வயிறு. அரிசி ஆகாது, கோதுமை ஆகாது, கம்பு, கேழ்வரகு என்று தானியம் எதுவும் ஆகாது. பால், தயிர், நெய்யும் ஆகாது. பல வருடம் வலியில் சுருண்டு கிடந்து, பல டாக்டர்களைப் பார்த்து, கடைசியில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னது அது. கடைப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலக்கிறார்களாம், அதனால் சாம்பார் வாசனையும் அந்த வீட்டில் கிடையாது. மதுரையில் இருந்துகொண்டு இட்லி, பரோட்டா, ஜிகர்தண்டா மூன்றும் கூடாது என்றால் அந்த ஆளுக்கு இந்த ஊர் ரேஷன் கார்டு எப்படிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்பேன். "ரேஷன் கடையில எனக்கு எது ஆகும்? மண்ணெண்ணெய்தான்" என்பார் அக்கா.

அந்த வயிற்றுக்காக அவரே கண்டுபிடித்ததுதான் பூசணி ரொட்டி.

அவர் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதவைத் தட்டினார். அப்பா லாரியில் எங்கோ வடக்கே. அம்மாவுக்கு ஜவுளிக்கடை வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம். எனக்குப் பன்னிரண்டு வயது.

"தம்பி, வீட்டுல ஆம்பள ஆளுக யாரும் இருக்காகளா?"

"நான் இருக்கேன்."

மேலும் கீழும் பார்த்தார். "சரி, இது போதும். வா."

முழுப் பூசணிக்காயைப் பெண்கள் முதல் வெட்டு வெட்டக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு சாங்கியம் உண்டு. ஆண் ஒருவன் இரண்டாகப் பிளந்து கொடுத்துவிட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் நறுக்கலாம். அக்கா வீட்டில் ஆண் இல்லை. அடுப்படித் தரையில் ஈரத் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் ஒரு மஞ்சள் பூசணியை உட்காரவைத்திருந்தார். கையில் கத்தியைக் கொடுத்தார்.

"காயைத் திருப்பாத, உருட்டாத. அது எப்படி உக்காந்திருக்கோ அப்படியே விடு. உச்சியில ஒரே போடு."

போட்டேன். மடக்கென்று ஒரு சத்தம். காய் இரண்டாகி இரண்டு பக்கமும் சாய்ந்தது.

"ஏயப்பா" என்றார் அக்கா. "ஆம்பளைன்னா ஆம்பளதான்."

அன்றிலிருந்து நான் நடக்கிற நடையே மாறிவிட்டது. ஐந்து வருடம், வாரம் ஒரு காய், எல்லாம் ஒரே வெட்டு. முத்துப்பாண்டி தர்பூசணிக்கே மூன்று வெட்டு போடுகிறவன். இந்தத் தெருவில் நான் இதைச் சொல்லிக் காட்டாத ஆள் யாராவது இருந்தால் கை தூக்கலாம். நான் இல்லாவிட்டால் செல்வி அக்கா பட்டினி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

முதல் ரொட்டி ரொட்டியாக வரவில்லை. நம் தெருக்கோடி காம்பவுண்டுச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்து ஓட்டை இருந்தது அல்லவா, அதில் கொண்டுபோய்ச் சொருகினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டு நாள் இருந்தது. அணில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு வணங்கிப் போனது. மூன்றாம் நாள் அக்கா கண்ணில் பட்டது. திட்டப்போகிறார் என்று ஓடத் தயாராக நின்றேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொத்தனார்கிட்டச் சொல்லாத, அவரு பொழப்பு போயிரும்" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் வேகவைத்த பூசணியைத் துணியில் கட்டித் தண்ணீர் வடியவிட்டார். அதற்கடுத்த வாரம் வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கி, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினார். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் காயவைத்துப் பொடித்தார். கடையில் விற்கும் பேக்கிங் பவுடரில் சோளமாவு இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு, சோடா உப்பில் எலுமிச்சை பிழிந்தார். நான்கு முட்டை, கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் பட்டைத்தூள். நான்காவது வாரம் ஓவன் கண்ணாடிக்குள் ரொட்டி எழுந்து நின்றதை நாங்கள் இரண்டு பேரும் தரையில் குத்தவைத்துப் பார்த்தோம்.

வெந்துவிட்டதா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பார். குத்துவதற்கு முன், லேபில் உங்களுக்கெல்லாம் சொல்வதை ரொட்டிக்கும் சொல்வார். "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"ரொட்டிக்கு வலிக்குமாக்கா?"

"யாருக்குடா தெரியும். சொல்லிட்டுக் குத்துறதுல நமக்கு என்ன நட்டம்?"

ஒருமுறை அவர் பையிலிருந்த லேப் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துப் பூசணிக்காய் மேல் ஒட்டினேன். நோயாளி பெயர்: திருமதி பூசணி. வயது: மூன்று மாதம். சர்க்கரை: மிக அதிகம். அக்கா அதைப் படித்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மறுநாள் பள்ளியில் தமிழ் அய்யா என் நோட்டைத் திறந்தபோது உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அய்யா சத்தமாகவே வாசித்தார். "கொழுப்பு: அளவுக்கு மேல். உடனடி சிகிச்சை தேவை." வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. என்னை ஏமாற்றிய ஒரே ஆள் அவர்தான் என்று அன்று நினைத்தேன். அது ஒரு முறைதான் என்றும் நினைத்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். தெருமுனைக் கடையில் பரோட்டா போடத் தொடங்கியிருந்தார்கள். அந்த வாசனையில் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"டேய், போயி ரெண்டு பரோட்டா வாங்கிட்டு வா."

"அக்கா, உங்களுக்குத்தான் ஆகாதே."

"உனக்குடா."

வாங்கி வந்தேன். அவர் வீட்டு வாசற்படியில் என்னை உட்காரச் சொல்லி எதிரில் உட்கார்ந்தார். "தின்னு. தின்னுக்கிட்டே சொல்லு, எப்படி இருக்குன்னு. வாய் கிழியப் பேசுவேல்ல, இதப் பேசு."

சொன்னேன். "மேல மொறுமொறுன்னு இருக்குக்கா. கிள்ளுனா ஏடு ஏடா வருது. சால்னா உள்ள எறங்கி அடி ஏடு ஊறிப் போச்சு. நடுவுல ஒரு இடம் இன்னும் ஊறல, அங்க லேசா இனிப்பா இருக்கு." கேலி எதுவும் சேர்க்காமல் நான் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் இருக்கும். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது பரோட்டாவில் பாதி போகும்போது, "போதும்டா. மிச்சத்தச் சும்மா தின்னு" என்று எழுந்து உள்ளே போனார். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ரொட்டியில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "வாய் கேக்கும்டா. வயித்துக்கிட்ட அனுமதி வாங்குறதுக்குத்தான் எனக்கு ஆயுசு பத்தல" என்றார்.

இப்போதும் பரோட்டா சாப்பிடுகிறேன். ஏடு ஏடாகச் சொல்லத் தோன்றுகிறது. கேட்க ஆள் இல்லாமல் மென்று விழுங்குகிறேன்.

பதினாறாம் நாள் படையல் அவர் வீட்டிலேயே என்று முடிவானது. பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் நெய்ச்சோறு, அதிரசம், பால் பணியாரம் என்று பட்டியல் போட்டார்கள். எல்லாமே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியவை. நான் வாயைத் திறக்கும் முன் அவர்களில் ஒருவர் சொன்னார், "உசுரோட இருக்கையில ஒரு வாய்ச் சோறு திங்க விடல அந்த வயிறு. இனி வயிறு எங்க வலிக்கப் போகுது. திங்கட்டும்."

அதற்கு மேல் நான் என்ன கேலி பேசுவது. ஆனால் அந்தப் பட்டியலில் ரொட்டி இல்லை. ஐந்து வருடம் அவரைத் தாங்கிய ஒரே பண்டம் இலையில் இல்லாமல் போகக் கூடாது என்று எனக்குப் பட்டது.

"ரொட்டி நான் செஞ்சு கொண்டு வாரேன்" என்றேன்.

"நீயா?" என்றார் அம்மா.

"அஞ்சு வருசம் கூடவே நின்னிருக்கேன். என் வெட்டு இல்லாம அந்த வீட்டுல ஒரு ரொட்டி வெந்திருக்கா?"

அக்காவின் தம்பி ராமர் அண்ணே தோட்டத்திலிருந்து ஒரு பூசணிக்காய் கொண்டுவந்திருந்தார். காலையிலேயே அக்கா அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அதே தரை, அதே கத்தி. துண்டை நனைத்து மடித்துப் போட்டுக் காயை வைத்தேன். உச்சியில் ஒரே போடு.

கத்தி விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. இழுத்தால் காயும் சேர்ந்து வந்தது. காலால் மிதித்துப் பிடுங்கினேன். மறுபடி போட்டேன். காய் துள்ளி உருண்டு காஸ் சிலிண்டரில் போய் மோதி நின்றது. ராமர் அண்ணே நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஒரே வெட்டுக்காரன்னு சொன்னாக?"

"கத்தி மொக்கைண்ணே."

அவர் காயை எடுத்துக் கவிழ்த்தார். கத்தி முனையை அடிப்பாகத்தில் ஊன்றி, அறுத்து அறுத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஆழமாக ஒரு கீறல் போட்டார். மறுபடி நிமிர்த்தித் துண்டின் மேல் உட்காரவைத்தார். மேலே பார்த்தால் காய் முழுசாக இருந்தது.

"இப்பப் போடு."

போட்டேன். மடக். ஐந்து வருடமாக நான் கேட்ட அதே சத்தம்.

பிளந்த காயைப் புரட்டிக் கீறலைத் தடவிப் பார்த்தேன். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்ணே?"

"அக்காதான் சொல்லும். அந்தப் பய வர்றதுக்குள்ள அடியில கீறி வச்சிரணும், இல்லாட்டி அவனுக்குக் கை வலிக்கும்னு."

"பொம்பளைக முதல்ல வெட்டக் கூடாதே. அந்தச் சாங்கியம்?"

ராமர் அண்ணே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சாங்கியமா? தோட்டத்துல அம்புட்டுக் காயும் அக்காதான்டா வெட்டும். பக்கத்து வீட்டுல ஒரு பய ஞாயித்துக்கிழமையும் அதுவுமா தனியா உக்காந்து போனையே பாத்துட்டிருக்கான், சும்மா சாப்பிடக் கூப்பிட்டா ரோசம் வந்துரும்னு சொல்லுச்சு. காயைத் திருப்பிப் பாத்துருவியோன்னு வாரா வாரம் பயமாம் அதுக்கு."

ரொட்டி வெந்தது. நடுவில் குழி விழுந்துதான் வெந்தது. குத்துவதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் குத்தினேன். இலையில் வைத்தோம். முத்துப்பாண்டி யாரிடமும் சொல்லாமல் இரண்டு பரோட்டா வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான். மாடியில் காக்கைக்கு வைத்தபோது காக்கை நேராகப் பரோட்டாவைத்தான் எடுத்தது. என் ரொட்டிப் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது ராமர் அண்ணே, "அக்கா ஞாபகமா எதையாவது எடுத்துக்க தம்பி" என்றார். ஓவனை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் காய்க்கு அடியில் மடித்துப் போடும் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டேன். விரித்துப் பார்த்தால் நடுவில் நேர்கோடாக ஒரு மஞ்சள் கறை, எத்தனை துவைத்தும் போகாத கறை. கீறலிலிருந்து கசிந்த நீர். ஐந்து வருடம் என் கண் முன்னால் இருந்தது. பூசணிக்காய் என்றால் கறை படியும் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே தெருவாசிகளே, முதலில் கொடுத்த அறிவிப்பில் ஒரு திருத்தம். பூசணிக்காயை நான் ஒரே வெட்டில் பிளந்தது கிடையாது, ஒரு தடவைகூட. என் வெட்டு எல்லாமே இரண்டாவது வெட்டு. முத்துப்பாண்டியிடம் இதை நானே சொல்லிவிட்டேன். அவனும் சிரிக்கவில்லை.